முத்திரை அளவில் ஒரு பள்ளிவாசல்

குழுவில் நான் முதன்முதலாகப் போட்ட படம் ஒரு முத்திரை அளவுகூட இல்லை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கும் சிவப்புப் பள்ளிவாசலை 32க்கு 32 பிக்ஸலுக்குள் அடக்கியிருந்தேன். மூன்று இரவு வேலை. குவிமாடத்தை மாதுளம்பழம் மாதிரிக் கொண்டுவரவே ஓர் இரவு முழுக்கப் போனது. கைப்பேசியில் அதை அப்படியே அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று தேத்தண்ணியோடு காத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, இது தக்காளியோ?"

பகலில் நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கலியாணக் காட், சாமத்தியவீட்டுக் காட், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், கடைப் பெயர்ப்பலகை, எது வந்தாலும் செய்வேன். இரவில் வெள்ளவத்தை அறைக்குத் திரும்பினால் கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்குப் படம் கீறுவேன். புறக்கோட்டையில் மூட்டை இழுக்கும் ஒரு நாட்டாமி, கோட்டை ரயில் நிலையத்தடியிலிருந்து செட்டியார் தெரு வரைக்கும் தள்ளுவண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் விளையாட்டு. நிரல் எழுதுவது மட்டக்களப்பில் இருக்கும் நண்பன். 2021 கடைசியில் தொடங்கினோம். இன்னும் முடியவில்லை, அது வேறு கதை.

குழு என்று நான் சொல்வது விளையாட்டுகளுக்குப் படம் செய்கிறவர்கள் இணையத்தில் கூடுகிற ஓர் இடத்தை. உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் தமிழில் கதைக்கிற முப்பது பேர் ஒரு மூலையைப் பிடித்து வைத்திருக்கிறோம்: கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, ரொறன்ரோ. (ஆரம்பத்தில் "நேற்று ஒரு படம் கீறினேன்" என்று எழுதினால் சென்னை நண்பர் பதறிப்போவார். அவர் ஊரில் கீறினால் கிழிந்துவிடுமாம்.) பிக்ஸல் படம், முப்பரிமாண மொடல், அசைவு, பொத்தான்கள், பென்சில் ஓவியம், நீர்வண்ணம் என்று எல்லாமே ஒரே இடத்தில் வந்து விழும். எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காட்டலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் பிழை.

சரி, தக்காளிக்கு வருவோம்.

பள்ளிவாசல் தக்காளியானதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அளவு. 32 பிக்ஸல் படம் இன்றைய கைப்பேசித் திரையில் ஒரு பருப்புப் போலத்தான் தெரியும். பார்க்கிறவர் விரலால் பெரிதாக்குவார். அப்போது கைப்பேசி பிக்ஸல்களுக்கு இடையில் நிறங்களைக் கலந்து மழுப்பிவிடும். பிக்ஸல் படத்தில் ஒவ்வொரு சதுரமும் கையால் வைத்தது; அதை மழுப்பினால் மிச்சம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, நான் அனுப்பிய வடிவம். படத்தைச் சாதாரணப் புகைப்படமாக அனுப்பியதால் அது ஜேபெக்காக மாறிப் போயிருக்கிறது. ஜேபெக் வெளிச்ச வேறுபாட்டைக் கவனமாக வைத்துக்கொள்ளும், நிறத்தைப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கும். மனிதக் கண் நிறத்தில் அவ்வளவு கூர்மை இல்லை என்பதால் கடற்கரைப் புகைப்படத்தில் இதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் 1909இல் கட்டி முடித்த அந்தப் பள்ளிவாசலின் அழகே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வரிகள்தான். நான் ஒரு பிக்ஸல் சிவப்பு, ஒரு பிக்ஸல் வெள்ளை என்று வைத்திருந்தேன். சிவப்பு வெள்ளைக்குள் கசிந்து எல்லாம் ஒரே ரோஸ் நிறக் குழம்பு.

இதற்கு மருந்து எளிது. பிக்ஸல் படத்தைப் போடுவதற்கு முன் நாமே பெரிதாக்க வேண்டும், முழு எண் மடங்கில் மட்டும்: 4, 6, 8. பெரிதாக்கும்போது ஏஸ்பிரைட், கிரித்தா போன்ற படம் கீறும் மென்பொருளில், பக்கத்துப் பிக்ஸலை அப்படியே நகலெடுக்கும் முறையைத் தெரிவு செய்ய வேண்டும். மூன்றரை மடங்கு என்று போனால் சில வரிகள் 3 பிக்ஸல் தடிப்பிலும் சில வரிகள் 4 பிக்ஸல் தடிப்பிலும் வந்து, கட்டடம் குடித்துவிட்டு நிற்பது போல் இருக்கும். சேமிப்பது, எதையும் இழக்காத பி.என்.ஜி. வடிவத்தில். அனுப்புவது படமாக அல்லாமல் கோப்பாக. எட்டு மடங்காக்கி 256க்கு 256 அளவில் மறுபடி போட்டபோது அதே தம்பி, "ஓ, பள்ளிவாசல்! நான் போயிருக்கிறன்" என்றான். பக்கத்திலேயே உண்மையான அளவிலும் ஒரு பிரதி வைக்கச் சொன்னது சென்னை நண்பர். விளையாடுகிறவர் பார்க்கப்போவது அந்தச் சின்னதைத்தானே.

குழுவுக்கு வெளியிலும் காட்டுவது நல்லது. எங்கள் அச்சகத்தில் வெட்டு மெசின் பார்க்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் மதியம் படத்தைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "வடிவாயிருக்கு தம்பி. பள்ளிக்கு முன்னால வண்டி முட்டி ஆக்கள் விழுற மாதிரி மட்டும் வைக்காதீங்க" என்றார். நாங்கள் வைத்திருந்தது சரியாக அதைத்தான். மோதல் இடத்தை இரண்டு தெரு தள்ளி மாற்றினோம். முப்பது கலைஞர்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது.

அடுத்தது ஓட்டோ. இதில்தான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

விளையாட்டில் நாட்டாமியின் வழியை மறிக்க ஓட்டோக்கள் வேண்டும். ஓட்டோவை எட்டுத் திசையிலும் கையால் பிக்ஸல் பிக்ஸலாக வரைய எனக்குப் பொறுமை இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு மொடல் செய்தால் அதை எட்டுப் பக்கமும் திருப்பி எட்டுப் படம் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செய்யத் தொடங்கினால் ஆசை விடுமா? சில்லின் ஆணிகள், கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கும் குட்டிப் பிள்ளையார், பின்பக்கத் தத்துவ ஸ்டிக்கர், இருக்கையின் தையல் வரை செய்தேன். பிறகு காலிமுகத்திடல் மாதிரி ஒரு மாலை வெளிச்சம் போட்டு, கடலைப் பின்னால் வைத்து, ஒரே ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

நாற்பது இதயம் விழுந்தது. ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த நாள், யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று மொடலின் எலும்புக்கூடான கம்பி வடிவத்தையும், அது எத்தனை முக்கோணங்களால் ஆனது என்ற எண்ணிக்கையையும் போட்டேன்: கிட்டத்தட்ட 18,000. உடனே சண்டை. கைப்பேசி விளையாட்டில் ஒரு ஓட்டோவுக்கு இவ்வளவா, ஆணிகளைத் தூக்கு, ஆணிகளை வெறும் படமாக ஒட்டு, சில்லை எட்டு மூலையாக்கு என்று இரண்டு பேர் இரவு முழுக்க எனக்காக மோதிக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்த ரொறன்ரோ அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இது விளையாட்டுக்குள்ள மொடலாகப் போகுதா, படமாகப் போகுதா?"

படமாகத்தான் போகிறது. 48 பிக்ஸல் அகலத்தில், எட்டுத் திசையில். அப்படியானால் முக்கோணம் 18,000 இருந்தால் என்ன, ஒரு லட்சம் இருந்தால் என்ன? விளையாட்டுக்குள் ஒரு முக்கோணமும் போகப்போவதில்லை. இரண்டு பேரின் ஓர் இரவை நான் வீணாக்கியிருந்தேன். அவர்கள் சொன்னது பிழை இல்லை. படம் என்ன வேலைக்கு என்று நான் சொல்லவில்லை, அவர்கள் தங்கள் வேலையை நினைத்துப் பதில் சொன்னார்கள். அக்கா பிறகு 48 பிக்ஸலில் எடுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆணி இல்லை, பிள்ளையார் இல்லை, தத்துவம் இல்லை. மிஞ்சியது மூன்றே மூன்று: கறுப்புக் கூரை, உடம்பின் நிறம், முன்னால் ஒற்றைச் சில்லு. கூரைக்கும் உடம்புக்கும் நடுவில் வெளிச்சக் கோடு ஒன்று இல்லாமல் அது ஒரு வண்டாகத்தான் தெரிந்தது. அந்தக் கோட்டை வைக்க இரண்டு நிமிடம் எடுத்தது. தையலுக்கு இரண்டு நாள் எடுத்திருந்தேன்.

அன்றைக்கு மனதில் விழுந்தது இதுதான். சுவரில் மாட்டுகிற படத்தை மாட்டினாலே போதும். விளையாட்டுக்கான படம் ஒரு சாமான் மாதிரி. வாளியா கரண்டியா என்று சொல்லாமல் கொடுத்தால் யாரும் அது வடிவு என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்த மொடலை ரொறன்ரோ அக்கா தன்னுடைய முப்பரிமாண விளையாட்டுக்குக் கேட்டார், சந்தோசமாகக் கொடுத்தேன். அவருடைய திரையில் இருக்கைத் தையல்கள் உள்ளே அமுங்காமல் நரம்பு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றன. மொடலின் மேடு பள்ளத்தைச் சொல்ல அதன்மேல் ஊதா நிறப் படம் ஒன்றை ஒட்டுவோம்; அதில் பச்சை நிறத்தின் அளவு மேல் கீழ்த் திசையைக் குறிக்கும். பிளெண்டரும், விளையாட்டுச் செய்யும் மென்பொருளான யூனிட்டியும் ஒரு திசையை எடுத்துக்கொள்கின்றன, அதே வேலை செய்யும் அன்ரியல் அதற்கு எதிர்த் திசையை. பச்சையை மட்டும் தலைகீழாக்கினால் தீர்ந்தது. ஆனால் அது தெரியாமல் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தோம். அதற்குப் பிறகு முப்பரிமாணப் படம் எதைப் போட்டாலும் அடியில் மூன்று வரி எழுதுகிறேன்: எதற்காகச் செய்தது, எத்தனை முக்கோணம், ஒட்டிய படத்தின் அளவும் பச்சையின் திசையும். மாலை வெளிச்சப் படமும் போடுவேன். ஆசைக்கு.

கேள்வி கேட்கும் விதத்தை எனக்குக் கற்றுத் தந்தது குழு இல்லை, அச்சகம். கலியாணக் காட் புரூஃபைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்றால் எல்லோரும் "நல்லாயிருக்கு" என்பார்கள். ஐந்நூறு அடித்து முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு ற, ர மாறியிருப்பது தெரியவரும். அதனால் எங்கள் முதலாளி வாடிக்கையாளரை உட்காரவைத்து, பெயர், திகதி, சுபநேரம், மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கச் செய்வார். குழுவிலும் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர் அண்ணா" தான் வரும். இப்போது நான் ஒரு படத்துக்கு ஒரு கேள்விதான் வைக்கிறேன். "நாட்டாமி மூட்டையைத் தள்ளுகிறானா, இழுக்கிறானா, பார்த்தவுடன் தெரிகிறதா?" இப்படிக் கேட்டால் ஆம், இல்லை என்றாவது பதில் வரும். இல்லை என்கிறவர் அநேகமாகக் காரணமும் சொல்லுவார்.

அப்புறம் 2022 வந்தது.

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் இல்லை. டொலர் இருநூறிலிருந்து முந்நூறைத் தாண்டிப் போனதில், வரைபலகைக்குப் புதுப் பேனா வாங்க வைத்திருந்த காசு பேனாவுக்குக் காணவில்லை. கணினி கிடந்தது, இருட்டில். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன மாதம் அது. ஆனால் அச்சகத்தில் எனக்கு ஒரு புதையல் இருந்தது: கலியாணக் காட் வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரத் துண்டுகள். இரண்டு விரல் அகலம், நல்ல தடிப்பு, சிலதில் தங்கக் கரைகூட இருக்கும். நானா ஒரு பை நிறையத் தந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் அதில் பென்சிலால் கீறி, சார்ஜ் மிஞ்சிய கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினேன். இலங்கையில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் எங்கள் மூலை முழுக்கப் பென்சிலும் குமிழ்முனைப் பேனாவும் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். குழுவில் நாங்கள் "சேர்" என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார், கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். மகள் சேர்த்துவிட்டிருந்தார். கரன்ட் வெட்டுக்கு முந்தியே புறக்கோட்டைத் தெருக்களின் நீர்வண்ண ஓவியங்களைப் போட்டு வந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. "இது விளையாட்டுப் படமா?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். அந்த ஒருவர் நான்தான்.

சேர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எல்லோரும் பென்சிலுக்குத் திரும்பிய நாட்களில் எங்கள் படங்களைப் பார்த்துவிட்டு முதலில் கைப்பேசியைப் பற்றித்தான் பேசினார். எங்கள் படங்களில் பாதிக்கு மேல் எங்கள் கைகளின் நிழல். கடதாசியை ஜன்னலுக்குப் பக்கத்தில் வை, வெயில் நேரே விழக்கூடாது, பிளாஷ் வேண்டாம், கைப்பேசியைக் கடதாசிக்குச் சமாந்தரமாகப் பிடி, இல்லையென்றால் கட்டடம் எல்லாம் சரியும். ஓரத்தில் வெறும் கடதாசி கொஞ்சம் தெரியவிடு, பிறகு நிறத்தைச் சரிபார்க்க அந்த வெள்ளைதான் உனக்குத் துணை. இதையெல்லாம் குரல் பதிவாக, வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார்.

அதற்குப் பிறகுதான் படத்துக்கு வந்தார். ஒரு துண்டுக் காட்டில் மூன்றே தொனி: கடதாசியின் வெள்ளை, பென்சிலின் சாம்பல், அழுத்திய கறுப்பு. வேறு ஒன்றும் கூடாது. வரைந்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். 1993இல் தொடங்கிய கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தையில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் மர நிழலில் அவரும் படம் வைத்திருக்கிறார். "ரோட்டோரமா எத்தனையோ படம் இருக்கும். பத்தடி தள்ளி நடக்கிறவன ஒரு படம் நிப்பாட்டுதெண்டா நிறத்தால இல்ல மகன், இருட்டும் வெளிச்சமும் இருக்கிற இடத்தால" என்றார். நான் என் பள்ளிவாசலைச் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தேன். சிவப்பும், பின்னால் இருந்த வானத்தின் நீலமும் ஒரே சாம்பல். நிறத்தை எடுத்தால் கட்டடமே இல்லை. தக்காளி என்று கேட்ட தம்பிமேல் எனக்கு இருந்த கொஞ்சக் கோபமும் அன்றைக்குப் போனது.

எங்கள் விளையாட்டின் முகப்பில் இப்போது ஓடுவது சேரின் நீர்வண்ணம். வண்டி நகரும்போது வானம் மெதுவாகவும், கட்டடங்கள் கொஞ்சம் வேகமாகவும், முன்னால் கடைகளுக்கு வெயில் மறைக்கக் கட்டிய படங்குகள் இன்னும் வேகமாகவும் போக வேண்டும். நான் அவருடைய ஒரே ஓவியத்தை எடுத்துக் கணினியில் வெட்டப் பார்த்தேன். கட்டடத்தை நகர்த்தினால் அதற்குப் பின்னால் வானம் இல்லை, ஒரு வெள்ளை ஓட்டை. சேரிடம் சொன்னதும் மூன்று கடதாசியில் தனித்தனியாகச் செய்து தந்தார்: வானம் மட்டும், கட்டடம் மட்டும், படங்கு மட்டும். நீர்வண்ணம் போடுகிற யாராவது விளையாட்டுக்குக் கொடுக்க நினைத்தால் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் வெட்டி வீணாக்கிய நாட்கள் நான்கு.

காகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பை வைத்து விளையாட்டுச் செய்துவிட்டுக் காகம் இல்லாமல் இருக்க முடியாது. அசைவு மழமழவென்று வரவேண்டும் என்று நிறையப் படங்கள் வரைந்து, ஜிஃப் என்ற அசையும் படக் கோப்பில், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஆகக் குறைந்த இடைவெளியைக் கொடுத்தேன். குழுவில் போட்டால் காகம் சேற்றில் நடக்கிறது. ஜிஃப் நேரத்தை ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்காகத்தான் எண்ணும். ஒரு பங்கு என்று கொடுத்தால் பெரும்பாலான உலாவிகள் அதை நம்பாமல் பத்துப் பங்காக்கிவிடும். மட்டக்களப்பில் அசைவுப்படம் செய்கிற தங்கச்சி ஒருத்தி, படங்களை ஆறாகக் குறைத்து எட்டுப் பங்கு இடைவெளி வைக்கச் சொன்னாள். ஓடும் ஜிஃப்புக்குப் பக்கத்தில் ஆறு படத்தையும் வரிசையாக வைக்கவும் சொன்னாள், எந்தப் படத்தில் பிழை என்று சுட்டிக்காட்ட அதுதான் வசதி. அப்புறம் ஒரு கேள்வி: "அண்ணா, நீங்கள் காகம் பாய்றதப் பாத்திருக்கிறீங்களா?" பல்கனியில் பாண் துண்டு வைத்துப் பார்த்தேன். பாய்வதற்கு முதல் காகம் தலையைச் சரித்து என்னை ஒருதரம் பார்த்தது. அந்த ஒரு படத்தைச் சேர்த்த பிறகுதான் அது கொழும்புக் காகமானது.

எழுத்துகளில்தான் எங்களுக்குக் கிடைத்தது பெரிய அடி, அதுவும் நான் எழுத்திலேயே சம்பாதிக்கிறவன். பொத்தான்களும் தெருப் பெயர்களும் தமிழில் வர வேண்டும் என்று முடிவெடுத்தோம். அச்சகத்திலிருந்து நான் அனுப்பியது பாமினி எழுத்துருவில். இலங்கையில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாமினியைத் தெரியாமல் இருக்காது. அது ஒருங்குறி (யூனிகோட்) இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. நண்பன் ஒட்டியதும் தெருப் பெயர்ப்பலகை முழுக்க ஆங்கிலக் குப்பை. சரி என்று ஒருங்குறிக்கு மாற்றினோம். அப்போது விளையாட்டுச் செய்ய நாங்கள் பயன்படுத்திய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. "செட்டியார் தெரு"வில் இரண்டு கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. இந்தத் திரையைப் பெரிய குழுவில் போட்டபோது வெளிநாட்டு நண்பர்கள் எழுத்து எவ்வளவு அழகு என்று புகழ்ந்து தள்ளினார்கள். எங்கள் மூலையில் முப்பது பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதவர்களின் பாராட்டை மட்டும் நம்பியிருந்தால் அப்படியே வெளியிட்டிருப்போம்.

கொஞ்சக் காலம் ஒவ்வொரு சொல்லையும் படமாகவே செய்து ஒட்டினேன். 2023 மார்ச்சில் கோடோ என்ற இன்னொரு விளையாட்டு மென்பொருளின் நான்காம் பதிப்பு வந்தது, அதில் எழுத்துக் கோர்வை ஒழுங்காக வந்ததால் நண்பன் எல்லாவற்றையும் அங்கே மாற்றினான். ஆனால் பொத்தான் அளவு யாரும் தீர்த்துத் தருகிற விஷயம் இல்லை. ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்த பொத்தானில் "அமைப்புகள்" உட்காராது. மெய்யெழுத்துப் புள்ளிகள் சின்ன அளவில் மறைந்து "ல்" என்பது "ல" ஆகிவிடும். இதைக் கணினித் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பொத்தான்களை இப்போது நான் தனிப் படமாகப் போடுவதே இல்லை. கைப்பேசியில் ஏற்றி, 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுக மத்தியான வெயிலில் கையில் பிடித்து, அந்தக் கையோடு சேர்த்து இன்னொருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் போடுகிறேன். பெருவிரல் எந்தப் பொத்தானை மறைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பக்கத்து இருக்கை ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கடைசியாகத் தகரம். நாட்டாமி போகும் ஒழுங்கை ஒன்றுக்குத் துருப்பிடித்த தகர வேலி வேண்டியிருந்தது. இணையத்தில் தேடிக் கிடைத்த முதல் படத்தை எடுத்து ஒட்டிக் காட்டினேன். தகரம் எங்கே எடுத்தது என்று ஒருவர் அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காட்டுவதற்குத்தானே போட்டேன் என்று சமாளித்தேன். ஆனால் காட்டுவதும் வெளியிடுவதுதான், அதை வேறொருவர் எடுத்துத் தன் விளையாட்டில் போட்டால் சிக்கல் அவர் தலையிலும் விழும். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களை அன்றைக்குத்தான் உட்கார்ந்து வாசித்தேன். பெயர் சொன்னால் போதும் என்பது ஒன்று, வியாபாரத்துக்குக் கூடாது என்பது இன்னொன்று, எதுவும் கேட்காமல் யாரும் எடுக்கலாம் என்ற பூச்சியம் வேறொன்று. விளையாட்டை ஐம்பது ரூபாய்க்கு விற்றாலும் அது வியாபாரம்தான்.

நல்ல தகரம் நம் ஊரிலேயே இருக்கும்போது தேடுவது எதற்கு? ஒரு ஞாயிறு காலை நானும் இன்னும் இரண்டு பேரும் புறக்கோட்டைக்கு இறங்கினோம். ஞாயிறு என்றால் பல கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும், மற்ற நாளில் அந்த ஷட்டர்களைப் பார்க்கவே முடியாது. வானம் மூட்டமாக இருந்ததும் அதிர்ஷ்டம். வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து பதிந்துவிடும், விளையாட்டுக்குள் சூரியன் வேறு பக்கம் இருந்தால் சுவர் பொய் சொல்லும். நேர் எதிரே நின்று, முழுவதையும் ஒரே தூரத்தில் எடுத்தோம். ஒரு கட்டடத்தின் காவலாளி வந்து எதற்குச் சுவரைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். விளையாட்டுக்கு என்றோம். அவர் நம்பவில்லை. கைப்பேசியில் நாட்டாமியை ஓடவிட்டுக் காட்டினோம். இரண்டு முறை விளையாடி, இரண்டு முறையும் ஓட்டோவில் முட்டி, தலையாட்டி அனுப்பிவிட்டார்.

அறுபது படம் தேறியது. எல்லாவற்றையும் பூச்சிய உரிமத்தில் குழுவில் போட்டோம். ஒரு பச்சை ஷட்டரை எடுத்துப் பிரேசிலில் ஒருவர் விண்கலத்தின் கதவாக்கியிருந்தார். அந்தப் படத்தை அச்சகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். நானா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, கதவின் கீழ் மூலையில் அரைகுறையாகத் தெரிந்த போஸ்டர் கிழிசலைத் தொட்டு, "இது நாங்க அடிச்சது" என்றார்.

போன கிழமை குழுவுக்குப் புதிதாக ஒரு பொடியன் வந்தான், பதினாறு வயது, பம்பலப்பிட்டி. வந்தவுடன் ஒரு படம் போட்டான். முத்திரையைவிடச் சின்னது, ஜேபெக், மழுப்பல், செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று. தக்காளியோ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. எட்டு மடங்காக்கிக் கோப்பாக அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். 16க்கு 16க்குள் ஓர் இறால் வடை, மேலே முழு இறால், மீசைகூட இருந்தது. நல்ல வேலை. வழக்கம்போல் கேட்டேன்: "தம்பி, இது விளையாட்டுக்குள்ள என்ன செய்யப் போகுது?"

கொஞ்ச நேரம் எழுதி எழுதி அழிப்பது தெரிந்தது. பிறகு வந்தது: "ஒண்டும் இல்ல அண்ணா. பசிச்சுது, கீறினன்."